இடப்பக்கம் ஒரு வண்டிக்கு இடம்

கண்ணாடிக்கு டேப் ஒட்டுவதில்தான் அந்த நாள் தொடங்கும். மோட்டர் சைக்கிளின் இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கும், முன்விளக்குக்கும், சிக்னல் விளக்குகளுக்கும் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். யாராவது விழுந்தால் கண்ணாடித் துண்டுகள் தார் முழுக்கச் சிதறி, பின்னால் வருகிறவரின் டயரைக் கிழிக்கக் கூடாது. ஹாரன் வயரையும் கழற்றிவிட வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும் ஆளை ஹாரன் அடித்துத் திடுக்கிட வைத்தால் அவர் அங்கேயே விழுவார்.

விளக்கும் ஹாரனும் எனக்குப் பெரிதில்லை. கண்ணாடியை மூடும்போது மட்டும் கை தயங்கும். நான் அதிகம் பார்த்து ஓட்டியது முன்னால் இருக்கும் ரோட்டையா, கண்ணாடியையா என்று கேட்டால் கண்ணாடி என்றுதான் சொல்வேன். யார் வருகிறார்கள், எவ்வளவு அவசரத்தில் வருகிறார்கள், நான் எப்போது ஓரம் போக வேண்டும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் எனக்கு.

நானுஓயாப் பக்கத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவில் ஒரு பழைய விளையாட்டு மைதானம் இருக்கிறது. அதைச் சுற்றி வளையமாகத் தார் போட்டிருக்கிறார்கள். மழை குறைந்த மாதங்களில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம் தோட்டத்தில் அனுமதி வாங்கி அங்கே ஓட்டும். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. எதிரில் பஸ் வராத ஓர் இடத்தில், எல்லோரும் ஒரே திசையில் ஓட்டிப் பழகுகிறோம். அவ்வளவுதான். காலையில் பனி மூடியிருக்கும். வண்டிகள் நிறுத்தும் கொட்டகையிலிருந்து பார்த்தால் தூர வளைவில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரம் முழுதாகத் தெரிய வேண்டும். அது தெரியும்வரை ஒரு வண்டியும் உள்ளே போகக் கூடாது.

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பு, துவாய், மேசைத் துணி எல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்குவது என் வேலை. ஓலெவல் வரை படித்தேன். கல்யாணம் செய்யவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை, பிறகு கேட்கிற வயது போய்விட்டது. விதைக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறை எடுத்து இருக்கிறேன். மற்ற நாட்களில் வேலை இருக்கிறது. ஞாயிறுதான் நகராது. ஹோட்டலில் நாள் முழுக்கத் துணி மடித்துவிட்டு வருகிறவன், ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார்ந்து என் ஒரே போர்வையை உதறி மடித்து வைப்பேன். பிறகு அதையே எடுத்துப் போர்த்திக்கொள்வேன்.

மோட்டர் சைக்கிள் பழையது, இரண்டாம் கையாக வாங்கியது. அதை வாங்கிய பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஹெல்மெட் போட்ட மனிதனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. என்ன, சுகமா, எங்கே இந்தப் பக்கம் என்று கேட்டு, நான் பதில் தேடித் தவிக்கிற நிலைமை வராது. உள்ளே என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். கூட்டத்துக்குள் இருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். எனக்கு அப்படி ஓர் இடம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

முதலில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் போனேன். கூட்டத்தை நடத்துகிறவர் ஹட்டனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். எல்லோரும் அவரை மொதலாளி என்பார்கள். என்னைவிட வயதில் சிறியவர். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார்.

"அண்ணே, வேலியில சாஞ்சி நிக்கிறதுக்கு இனிமே டிக்கட் போட்டுருவேன். வண்டியத்தான் கொண்டாந்துருக்கீங்களே, உள்ள வாங்க" என்றார்.

அப்படித்தான் உள்ளே போனேன். பழைய உடுப்பு விற்கிற பேல் கடையில் ஒரு தோல் ஜாக்கெட் வாங்கினேன். வெளிநாட்டில் யாரோ போட்டுக் கழித்தது, முழங்கை நல்ல தடிப்பு. ஹோட்டலில் கறை போகாமல் கழித்துப்போட்ட சிவப்பு மேசைத் துணி ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, ஓரம் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுதான் இப்போது எங்கள் சிவப்புக் கொடி. அதைக் கொடுத்த அன்று மொதலாளி எனக்குக் கைகொடுத்தார். வாட்ஸ்அப் குரூப்பிலும் சேர்த்துவிட்டார். குரூப்பில் நான் ஒரு சொல்லும் எழுதியதில்லை. ஆனால் அடுத்த தேதி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒவ்வொரு முறையும் ஓட்டம் தொடங்குவதற்கு முன் மொதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசுவார். தமிழில் சொல்லிவிட்டு அதையே சிங்களத்திலும் சொல்வார்.

"மஞ்சக் கொடி பாத்தா முந்தக் கூடாது. செவப்புக் கொடி பாத்தா இடது கையத் தூக்கிட்டு, வேகத்தக் கொறச்சி, வரிசையா உள்ள வந்துறணும். அப்பவும் முந்தக் கூடாது. முன்னுக்குப் போறவரு தன் பாட்டுக்குப் போகணும். பின்னுக்கு வர்றவருதான் பாத்துக் கடக்கணும். எடம் இல்லன்னா பொறுங்க. பொண்டாட்டிகிட்ட பொறுக்கிறதில்லையா, அந்த மாதிரி."

"மொதலாளி, எனக்கு இன்னும் கட்டல்ல" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்வான்.

"அப்ப இப்பவே பழகிக்க."

சிரிப்பு அடங்கியதும் தன் காலைத் தட்டிக் காட்டுவார். "இது ஸ்பீடுல வந்தது இல்ல. முன்னுக்குப் போனவன் நேரா போவான்னு நெனச்சேன். அவன் எனக்கு எடம் விடுறேன்னு திரும்பிட்டான். நல்ல மனுசன்தான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு கொண்டாந்தான்."

இதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். கேட்டும் மண்டைக்குள் போகவில்லை. நான் மெதுவாகப் போகிறவர்களின் குழுவில் ஓட்டினேன். அங்கே எல்லோரும் என்னைப் போலவே போனதால், என்னைக் கடக்க ஒருவரும் வந்ததில்லை.

ஒரு ஞாயிறு ஹட்டனில் யாரோ பெரிய வீட்டுக் கல்யாணம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். வந்தவர்கள் குறைவு என்பதால் வேகமான குழுவையும் மெதுவான குழுவையும் மொதலாளி ஒன்றாக விட்டார்.

யூக்கலிப்டஸ் வளைவு வலது பக்கம் திரும்புவது. அதற்கு முன்னால் நீளமாக ஒரு நேர் ரோடு. தாரின் இடது ஓரத்தில் போய், பிறகு வலப்பக்கம் சாய்ந்து திரும்ப வேண்டும். இடது ஓரத்துக்கு அப்பால் கொஞ்சம் புல், புல்லுக்கு அப்பால் தண்ணீர் ஓடுகிற கான், அதற்கு அப்பால் தேயிலை. நான் அந்த நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. பெரிய வண்டி. கிட்ட வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்தேன், அதில் கறுப்பு டேப்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததை என் உடம்பு செய்தது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இடது ஓரமாக இன்னும் ஒதுங்கினேன். ஒதுங்கியதோடு நிற்காமல், இடது கையை எடுத்து, போங்க போங்க என்று வீசிக் காட்டினேன். மலை ரோட்டில் லொறிக்காரர்கள் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவார்களே, அப்படி.

பின்னால் வந்தவர், நான் வலப்பக்கம் திரும்பிவிடுவேன் என்று நம்பி, என் இடப்பக்கமாகக் கடக்க வந்திருந்தார். அவர் போக வேண்டிய இடத்தில் நான் கை வீசிக்கொண்டு போனேன். அந்த வண்டி என்னை உரசாமல் நேரே புல்லில் இறங்கியது. பின்சக்கரம் இரண்டு பக்கமும் ஆடியது. கானுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. விழவில்லை.

அதை ஓட்டியவர் ஒரு வங்கியில் வேலை செய்கிற பெண். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி நுவரெலியாவுக்கு வந்தவர். முப்பதைக் கடந்திருப்பார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, பேசியதும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு. ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேரே என்னிடம்தான் வந்தார்.

"என்னண்ணை செய்தனீங்கள்?"

"வழி விட்டேங்க."

"ஆர் உங்களிட்ட வழி கேட்டது?"

நான் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பக்கத்தில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஒருவன் சொன்னான்: "அக்காவுக்கு கை வேற காட்டுனாரு. பஸ்ஸு கண்டக்டர் மாதிரி. ரைட், ரைட், போகலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மொதலாளியும் சிரிக்கவில்லை. என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தப் புள்ள கான்ல விழுந்திருந்தா இன்னிக்கே இதெல்லாம் முடிஞ்சிருக்கும். அதுக்குக் கை ஒடிஞ்சிருக்கும், தோட்டத்துல நமக்கு கேட்டப் பூட்டிருப்பாங்க. பகல் சாப்பாட்டுக்குப் பொறகு கடைசி ஓட்டம் இருக்கு. அதுல நீங்க இன்னொருக்கா ஒதுங்குனீங்கன்னா, வண்டிய எடுத்துட்டுப் போயிறணும். அடுத்த மாசமும் வர வேணாம். குரூப்ல இருந்தும் எடுத்துருவேன்."

"சரிங்க."

"சரிங்கன்னு சொல்றீங்க. ஒங்களால முடியுமா?"

அவர் உண்மையாகவே கேட்டார். நானும் உண்மையாகவே யோசித்தேன். முடியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்றவர்கள் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஒதுங்குவதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி தோட்டத்து ரோடு. தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் சத்தம் கேட்டால் எல்லோரும் கான் பக்கமாகப் போய் நிற்போம். குடை பிடித்திருந்தால் மடக்கிக்கொள்வோம். ஜீப் போனதும் சேறு தெறித்த காலைப் புல்லில் துடைத்துவிட்டு நடப்போம். அதில் யாருக்கும் மனவருத்தம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மழை பெய்தால் நனைவது போல அது நடந்தது. இப்போது ஹோட்டலில், துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது விருந்தினர் யாராவது வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுவிடுவேன். நடைபாதை அகலமானது, மூன்று பேர் தாராளமாகப் போகலாம். ஆனாலும் ஒட்டி நிற்பேன். சிலர் தேங்க்ஸ் சொல்வார்கள். பலர் நான் நின்றதைப் பார்ப்பதில்லை.

இதைத்தான் நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். என்னிடம் இருக்கிற ஒரே மரியாதை இதுதான். அதை வைத்துக்கொண்டு ஒருவரைக் கானில் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

போய்விடலாம் என்று தோன்றியது. இப்போதே போய்விட்டால் மொதலாளி என்னை அனுப்ப வேண்டி வராது. கடைசி ஓட்டத்தில் நான் இல்லை என்பதை யாரும் கவனிக்கப் போவதும் இல்லை. ஒரு கண்ணாடியின் டேப்பை மெதுவாக உரித்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அந்த அறையில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கீழ்க்கடையின் கதவுச் சத்தம், பக்கத்து அறையின் டிவிச் சத்தம், மடித்த போர்வை. இரண்டாவது கண்ணாடிக்குக் கை போகவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

"போகப்போறீங்களோ?"

அந்தப் பெண் நின்றிருந்தார். கையில் இரண்டு கோப்பை பிளேன்டி. ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"இருங்கோ அண்ணை. நான் கத்தினதுக்கோ போறீங்கள்?"

"இல்லங்க. நீங்க கத்துனது சரிதான்."

"பிறகென்ன?"

"சத்தம் கேட்டா ஒடம்பு தன்னால ஒதுங்குதுங்க. யோசிச்சு செய்யிறதில்ல. இனிமே ஒதுங்க மாட்டேன்னு மொதலாளிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்து தேத்தண்ணீரைக் குடித்தார். அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று தெரிந்தது.

"நான் இஞ்ச வந்த புதுசில, பஸ்ஸுக்க ஏறினா ஆக்கள் எழும்பி இடம் தருவினம். பாங்க் ஆள் எண்டு. வயசுபோன அம்மாக்களும் எழும்புவினம், கொழுந்து எடுத்த களைப்போட. எனக்கு இருக்கவும் ஏலாது, நிக்கவும் ஏலாது. அவையோட கதைக்கவும் ஏலாமப் போயிடும். நீங்கள் அதில ஒதுங்கிக் கை காட்டேக்க எனக்கு அந்த பஸ்தான் நினைவு வந்தது. அதுதான் அவ்வளவு கோவம்."

இடம் வாங்கிக்கொள்கிறவருக்கும் அப்படி ஒரு கஷ்டம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"எனக்கு மாற்றம் வந்திட்டுது. வாற கிழமை வவுனியாவுக்குப் போறன். இண்டைக்குத்தான் எனக்குக் கடைசி. கடைசி ஓட்டத்தில நான் உங்களுக்குப் பின்னால வாறன். நீங்கள் உங்கட பாட்டுக்குப் போங்கோ. எந்தப் பக்கத்தால கடக்கிறது எண்டு நான் பாப்பன். அது என்ர வேலை."

"திரும்பியும் ஒதுங்கிட்டேன்னா?"

"என்ர வண்டியிலயும் பிரேக் இருக்கண்ணை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உரித்த டேப்பை மறுபடி ஒட்டப் பார்த்தேன், ஈரத்தில் ஒட்டவில்லை. அவர் தன் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்துக் கொடுத்தார். நான் கண்ணாடியை மூடும்வரை இரண்டு கோப்பைகளையும் அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஓட்டத்துக்குப் போகும்போது மொதலாளி வாசலில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து அனுப்பினார். சப்பாத்து லேஸ் வெளியே தொங்குகிறதா, கையுறை போட்டிருக்கிறதா, ஹெல்மெட் பட்டி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். என் பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு என்னையும் உள்ளே விட்டார்.

முதல் சுற்றில் யாரும் வரவில்லை. இரண்டாவதில் அந்த நேர் ரோட்டில் சத்தம் கேட்டது. அதே வண்டிதான் என்று தெரிந்தது. தோள் இரண்டும் தாமாகவே இடப்பக்கம் இழுத்தன. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யாரோ என் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுப்பது போல இருந்தது. நான் பார்க்க வேண்டியது வளைவின் உள்பக்கம், தாரில் சுண்ணாம்பால் போட்டிருந்த வெள்ளைக் குறி. அதைப் பார்த்தேன். சத்தம் பெரிதாகி, முதுகில் ஏறி, காதுக்குள் வந்தது. நான் வலப்பக்கம் சாய்ந்து திரும்பினேன். இடப்பக்கம், நல்ல இடைவெளி விட்டு, அவர் கடந்து போனார். போகும்போது என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் ஒரு விதிதான்.

அதன் பிறகு வேறு சிலரும் கடந்தார்கள். கண்டக்டர் என்று கிண்டல் செய்தவனும் கடந்தான், கொஞ்சம் நெருக்கமாகவே. ஒவ்வொரு முறையும் சட்டையைப் பிடித்து இழுக்கிற அந்தக் கை வந்தது. ஒருமுறைகூட அது வராமல் இருக்கவில்லை. நான் வெள்ளைக் குறியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தப் பெண் என்னைவிட ஒரு சுற்று கூடுதலாக ஓட்டி, மறுபடியும் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தபோது பனி இறங்கியது. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். மலை மேலே வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்று பார்ப்போம், அடுத்த நிமிஷம் நாம் அதற்குள் இருப்போம். யூக்கலிப்டஸ் மரத்தின் தலை போனது, பிறகு மரமே போனது. வளைவுக்குக் கிட்டே சிவப்பாக ஏதோ ஆடியது. நான் தைத்த மேசைத் துணி. அன்று அங்கே கொடி பிடித்தவர் எங்களோடு ஓட்டுகிற ஒரு லொறி டிரைவர். அவர் முகம் தெரியவில்லை, துணி மட்டும் தெரிந்தது.

இடது கையைத் தூக்கினேன். வேகத்தைக் குறைத்தேன். முன்னால் போனவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்விளக்கில் டேப், கண்ணாடியில் டேப், ஹாரன் வயர் கழற்றிக் கிடக்கிறது. பாதி வளையத்தை நான் அந்த வெள்ளைக்குள் சுற்றி வர வேண்டும். கொஞ்சத் தூரம் தார்தான் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் மூச்சு படர்ந்து அதுவும் மங்கியது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். குளிர் உள்ளே வந்தது. எனக்குப் பிடித்த அந்தத் தனிமை இதுதான், ஆனால் இவ்வளவு முழுதாக வந்தபோது பிடிக்கவில்லை. விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். என் அறையிலும் இதை நான் நினைப்பதுண்டு.

அப்போது பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. மெதுவாக, கூடாமல் குறையாமல்.

சட்டையைப் பிடித்து இழுக்கிற கை வந்தது. ஓரம் போ, அவர் போகட்டும். நான் போகவில்லை. தாரின் நடுவில், காலையிலிருந்து பழகிய அதே தடத்தில் போனேன். வளைய வேண்டிய இடத்தில் வளைந்தேன். சத்தமும் வளைந்தது. நான் பிரேக் தொட்டபோது அதுவும் தணிந்தது. சிவப்புக் கொடிக்குப் பிறகு யாரும் முந்தக் கூடாது என்பதுதான் விதி. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாழ்க்கையில் எனக்குப் பின்னால் ஒருவர் இவ்வளவு தூரம், ஒதுங்கு என்று கேட்காமல், கடந்தும் போகாமல் வந்தது அதுதான் முதல் தடவை. கொட்டகை விளக்கு மஞ்சளாகத் தெரிந்தபோது, இன்னும் ஒரு சுற்று இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

உள்ளே வந்து எஞ்சினை நிறுத்தினேன். அவர் என் பக்கத்தில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை அண்ணை. உங்கட முதுகு மட்டும்தான். அதைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். நீங்கள் ஓரம் போயிருந்தா நானும் உங்களோட கானுக்கதான்."

இந்த முறை நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டேன். பதிலுக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "குளிருங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

எல்லோரும் வந்து சேர்ந்ததை எண்ணிச் சரிபார்த்த பிறகு மொதலாளி என்னிடம் வந்தார். என்ன சொல்வாரோ என்று நின்றேன்.

"அண்ணே, அந்த செவப்புத் துணி நல்லா தெரியிது. மஞ்சக் கொடி நைஞ்சி போயிருச்சி. ஒங்க ஹோட்டல்ல மஞ்சக் கலருல ஏதாச்சும் கழிச்சிப் போட்டா, அடுத்த மாசம் வரும்போது தச்சிக் கொண்டாங்க."

"அடுத்த மாசங்களா?"

"பின்ன, தபால்லயா அனுப்புவீங்க?"

கடைசி ஓட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. சரியாக ஓட்டினால் மற்றவர்கள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் போகும்போது, "போட்டு வாறன் அண்ணை" என்றார். "சரிங்க, பாத்துப் போங்க" என்றேன். டேப் சுருள் என் பையில் இருந்தது அப்போது ஞாபகம் வரவில்லை. அவருடைய வண்டிச் சத்தம் கீழ் வளைவுகளில் விட்டுவிட்டுக் கேட்டது. அது முழுதாக நின்ற பிறகு நான் என் கண்ணாடிகளின் டேப்பை உரித்தேன், ஹாரன் வயரை மாட்டினேன். நுவரெலியா ரோட்டில் ஏறியதும் ஒரு வேன் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஓரமாகி, கை காட்டி விட்டேன். ரோட்டில் அது சரிதான்.

அடுத்த மாதம் மஞ்சள் துணியோடு போனேன். விதியை மொதலாளி மறுபடி சொன்னார், பொண்டாட்டி பகிடியையும் சொன்னார். அந்தப் பெண் இல்லை. குரூப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் வெளியேறிவிட்டார் என்று வந்திருந்தது. அன்று முதல்முறையாகக் குரூப்பில் ஏதாவது எழுதலாம் என்று எடுத்தேன். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அவர் தந்த டேப்பில்தான் இன்னும் கண்ணாடி மூடுகிறேன், தீரப்போகிறது.

இப்போது குழுக்கள் மறுபடி தனித்தனி, மெதுவான குழுவில் சத்தம் குறைவு. பல சுற்றுகளில் எனக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. யூக்கலிப்டஸ் வளைவில் வெள்ளைக் குறியைப் பார்த்து வலப்பக்கம் திரும்பும்போது, இடப்பக்கம் ஒரு வண்டி போகிற அளவுக்குத் தார் காலியாகக் கிடக்கும். அதில் நான் போவதில்லை.